முதுகு வளைவுக்கு பிரேஸ்: வீட்டில் முதல் இரண்டு வாரம்

வளரும் வயதுப் பிள்ளைகளுக்குக் காரணம் புலப்படாமல் வரும் முதுகெலும்புப் பக்கவளைவு, அதாவது ஸ்கோலியோசிஸ், எக்ஸ்-ரேயில் சுமார் 25 முதல் 40 டிகிரி வரை இருந்து, எலும்பு வளர்ச்சியும் பாக்கி இருந்தால் மருத்துவர்கள் பிரேஸ், அதாவது உடம்பைச் சுற்றி மாட்டும் கடினமான பிளாஸ்டிக் கூடு, போடச் சொல்வார்கள். பிரேஸ் முதுகை நிமிர்த்திவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அறுவை சிகிச்சைப் பேச்சு எழும் 50 டிகிரிக்கு வளைவு போகாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை.

அந்த வேலையை அது செய்வது போட்டிருக்கும் நேரத்தில் மட்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வில், பிரேஸுக்குள் வெப்ப உணரி பொருத்தி மணிக்கணக்கைப் பதிவு செய்தார்கள். தினம் 13 மணி நேரமோ அதற்கு மேலோ போட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு வளைவு 50 டிகிரியைத் தொடவில்லை. 6 மணி நேரத்துக்குள் நிறுத்திக்கொண்டவர்களுக்கும் பிரேஸே போடாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மருத்துவர் 18 மணி நேரம் என்று எழுதினால் அதைப் பேரம் பேசிக் குறைக்க வேண்டாம்.

பின்பக்கம் திறக்கும் பாஸ்டன் வகை பிரேஸுக்கான முறை இது.

1. உள்ளே, உடம்போடு ஒட்டிய, தையல் விளிம்பு இல்லாத பருத்தி பனியன். இடுப்புக்குக் கீழே வரை நீளம் வேண்டும். ஒரு மடிப்பு இருந்தாலும் இரண்டே மணி நேரத்தில் தோலில் கோடு விழும். ஜட்டியை பிரேஸுக்கு மேல் போட்டால் கழிப்பறைக்குப் போக பிரேஸைக் கழற்ற வேண்டியதில்லை.

2. பிரேஸை இரு கைகளாலும் விரித்து, பக்கவாட்டில் நுழைத்து மாட்டுங்கள். உள்ளே இடுப்பை அழுத்தும் குழிவு, இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, விலாவுக்குக் கீழே உட்கார வேண்டும். மேலேறி இருந்தால் அழுத்தப் பேட் (வளைவைத் தள்ளும் உள்மெத்தை) தவறான விலா எலும்பில் போய் உட்காரும். அப்புறம் எவ்வளவு இறுக்கியும் பயனில்லை.

3. படுத்த நிலையில் பட்டைகளை இறுக்குவது எளிது. எந்தப் பட்டை முதலில் என்பதை பிரேஸ் செய்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் இறுக்கிக் காட்டிய இடத்தில் பேனாவால் கோடு போட்டு, வீட்டிலும் அதே கோட்டுக்கு இழுக்க வேண்டும். எழுந்து நடந்தபின் பட்டை தளரும். கால் மணி நேரம் கழித்து இன்னொரு தடவை இறுக்குங்கள். தொளதொளவென்று இருக்கும் பிரேஸ்தான் அதிகம் புண்ணாக்கும், உராய்வதால். பிள்ளை பாவம் என்று தளர்த்திவிடும் பெற்றோர் கவனிக்க.

4. முதல் நாளே 18 மணி நேரம் வேண்டாம். 2 மணி நேரத்தில் தொடங்கி, கழற்றித் தோலைப் பார்த்து, தினமும் கூட்டிக்கொண்டே போங்கள். ஓரிரு வாரத்தில் முழு நேரத்தை எட்டலாம். தூங்கும்போது போடுவது கடைசியில் பழகும்.

5. கழற்றியதும் பேட் பட்ட இடம் சிவந்திருக்கும். அது இருக்க வேண்டியதுதான். அரை மணி நேரத்தில் மறையாவிட்டாலோ கொப்புளம் கண்டாலோ, தோல் ஆறும் வரை நிறுத்திவிட்டு பிரேஸ் செய்தவரைப் பாருங்கள். க்ரீம், எண்ணெய், பவுடர் எதுவும் பிரேஸுக்குள் வேண்டாம். தோல் ஊறி மென்மையானால் சீக்கிரம் கிழியும். வெயில் காலத்தில் பனியனை இரண்டு மூன்று தடவை மாற்றுங்கள்.

6. மிதமான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் தினமும் உட்புறம் துடைத்து, நிழலில் உலர விடுங்கள். வெயிலிலோ வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ வைத்தால் பிளாஸ்டிக் உருமாறிவிடும்.

வயிறு முட்டச் சாப்பிட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகக் கொடுங்கள். நீச்சலுக்கும் விளையாட்டுக்கும் கழற்றலாம்.

தொடையின் முன்பக்கம் மரத்துப்போனால் பிரேஸின் கீழ் விளிம்பு நரம்பை அழுத்துகிறது என்று அர்த்தம். விளிம்பைச் செதுக்கிக் கொடுப்பார்கள்; நீங்களாக வெட்டாதீர்கள்.

போட்ட சில வாரத்தில் பிரேஸோடு ஒரு எக்ஸ்-ரே எடுப்பார்கள். அதில் வளைவு பாதியளவு குறைந்து தெரிந்தால் நல்ல பொருத்தம். பிறகு 4 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, பிரேஸ் இல்லாமல். அதற்கு எத்தனை மணி நேரம் முன்பே கழற்ற வேண்டும் என்று நாள் குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள்.