வெயிலில் இற்றுப்போகாத நைலான் நூல்: மருந்தை எப்போது, எப்படிக் கலப்பது

நாகர்கோவில் பக்கம் தங்கூசி நூல், அதாவது மீன்வலைக்கான ஒற்றை இழை நைலான் நூல், இழுக்கும் மெஷினில் 19 வருடமாக நிற்கிறேன். "வாங்கின வலையை எதிலாவது முக்கி எடுத்தால் வெயில் தாங்குமா அண்ணே?" என்று கரையில் கேட்பார்கள். மேலே முக்கும் மருந்து இழைக்குள் சரியாக இறங்காது. தேய்ந்தும் அலசியும் போய்விடும். நைலான் உருகும்போதே கலந்தால்தான் நிற்கும்.

வெயிலின் புற ஊதாக் கதிர் நைலானின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியை அறுக்கிறது. அறுந்த இடத்தில் காற்றின் ஆக்சிஜன் சேர, சேதம் பரவிக்கொண்டே போகும். இதற்கு இரண்டு வகை மருந்து உண்டு. பென்சோட்ரையசோல் போன்றவை கதிரை உறிஞ்சுபவை. ஆனால் கதிர் கடக்கும் தடிமன் இருந்தால்தான் அவற்றுக்கு வேலை. 0.2 மில்லிமீட்டர் இழையில் அந்தத் தடிமன் எங்கே இருக்கிறது? அதனால் மெல்லிய நூலுக்கு நான் நம்புவது ஹிண்டர்டு அமீன் வகையைத்தான். சுருக்கமாக ஹால்ஸ் என்போம். சேதத்தைப் பரப்பும் துகள்களை அது பிடித்து அடக்கிவிட்டு, மறுபடியும் வேலைக்குத் தயாராகிவிடும்.

25 கிலோ நைலான்-6 சிப்ஸில் (உருக்கி நூலாக்கும் நைலான் மணிகள்) 0.4 சதவீதம் ஹால்ஸ் வேண்டுமென்றால் 100 கிராம். தூளாகக் கொட்டினால் சீராகப் பரவாது. 20 சதவீத மாஸ்டர்பேட்ச், அதாவது 20 சதவீதம் ஹால்ஸை முன்பே பிளாஸ்டிக்கில் கலந்து செய்த மணிகள், வாங்கி அரை கிலோ சேருங்கள். அதன் அடிப்படைப் பொருளும் நைலான்தானா என்று கேட்டு வாங்குங்கள். ஒருமுறை பாலிஎத்திலீன் அடிப்படையில் வந்ததைக் கவனிக்காமல் போட்டுவிட்டோம். இரவு முழுக்க நூல் அறுந்தது. அறுந்த முனையைத் தடவினால் மெழுகு மாதிரி வழுக்கியது.

சிப்ஸை 80 டிகிரியில் நன்றாக உலர்த்திய பிறகே கலக்க வேண்டும். ஈரம் இருந்தால் உருகும்போதே சங்கிலி அறுந்துவிடும், அப்புறம் எந்த மருந்தும் உதவாது. பளபளப்பைக் குறைக்க அனடேஸ் வகை டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைத் தூள் போடுபவர்கள் யோசியுங்கள். வெயிலில் நைலானை அதுவே சீக்கிரம் கெடுக்கும். கறுப்பு நிறம் பரவாயில்லை என்றால் கார்பன் பிளாக் என்ற நுண்ணிய கரித்தூள் நல்ல காவல்.

சரி, கலந்தது பலித்ததா? ஒரே சிட்டத்தில் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி மொட்டை மாடியில் கட்டுங்கள். மாதம் ஒருமுறை இரண்டு பக்கத்திலும் ஒரு துண்டு வெட்டி, முடிச்சுப் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து, ஸ்பிரிங் தராசில் அறுகிற வரை இழுங்கள். வலை முடிச்சில்தான் முதலில் அறும், அதனால் முடிச்சோடு சோதிப்பதே சரி. மருந்து கலக்காத நூலையும் பக்கத்திலேயே கட்டி வையுங்கள்.

மருந்து போட்ட வலையையும் கரைக்கு வந்ததும் தார்ப்பாயால் மூடத்தான் வேண்டும்.