‘டெத் நோட்’ கதையில் காட்டாமல் விட்டதை எழுதுவது எப்படி?

‘டெத் நோட்’ ஒரு ஜப்பானிய அனிமே தொடர். பெயரை எழுதினால் அந்த ஆள் செத்துப்போகும் நோட்டு ஒன்று லைட் யாகமி என்ற மாணவனிடம் கிடைக்கிறது. குற்றவாளிகளைக் கொல்லும் அவனை, யாரென்று தெரியாமலே உலகம் ‘கீரா’ என்கிறது. இதை வைத்து நான் எழுதிய முதல் ஃபேன்ஃபிக்கில், அதாவது ரசிகர் எழுதும் கதையில், லைட் சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் பையன். தொடக்கக்கல்லூரி, உபகாரச் சம்பளக் கனவு, புளோக்கின் கீழே, நோட்டைப் போட்ட மரணதேவன் ரியூக் கடிக்கும் ஆப்பிள் எல்லாம் வைத்தேன். தோழி படித்துவிட்டு, “ஊர்தான் மாறியிருக்கு, கதை அதேதானேடி” என்றாள். அவள் சொன்னது சரி. அப்புறம்தான் கீழே உள்ள முறைக்கு வந்தேன்.

முதல் படி, கதையில் காட்டாமல் விட்ட இடத்தைத் தேடுங்கள். 37 பாகங்களையும் திரும்பப் பார்க்க வேண்டாம், ஏழாவது போதும். தன்னை மணக்கவிருந்தவரின் சாவைத் துருவிக்கொண்டு வரும் நவோமி மிசோரா, லைட்டை நம்பி அடையாள அட்டையைக் காட்டிவிடுகிறார். லைட் அந்தப் பெயரை நோட்டில் எழுதி, அவர் தற்கொலை செய்துகொள்ளும்படி செய்கிறான். பிறகு அவர் பனியில் நடந்து போகிறார். எங்கே போனார் என்று காட்டுவதில்லை.

இரண்டு, ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். இடப்பக்கம் கேனன், அதாவது தொடரே சொன்னது: முன்னாள் எஃப்பிஐ அதிகாரி, கீராவைத் தேடும் ‘எல்’ என்ற துப்பறிவாளரோடு முன்பு வேலை பார்த்தவர், முதலில் சொன்னது பொய்ப்பெயர், அதனால்தான் லைட் அதை எழுதியும் ஒன்றும் ஆகவில்லை. வலப்பக்கம் ஹெட்கேனன், உங்கள் ஊகம். நோட்டு அவர் கால்களை நடத்துகிறது சரி, மனம் யார் கையில் இருக்கிறது? நான் இந்த ஒரு கேள்வியிலேயே ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று, நவோமியின் பார்வையில் எழுதுங்கள். லைட்டுக்குப் பேச இடம் கொடுத்தால் கதையைப் பிடுங்கிக்கொள்வான்! தமிழில் எழுதுவதால் நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. வயதில் மூத்தவர் என்பதால் அவன் ‘நீங்கள்’ என்றே பேசிவரட்டும். “நான்தான் கீரா” என்கிற இடத்தில் மட்டும் ‘நீ’ என்று மாற்றுங்கள். கத்தி, ரத்தம் எதுவுமில்லாமலே படிப்பவருக்குக் குளிரெடுக்கும்.

நான்கு, தற்கொலை வருவதால் தலைப்புக்குக் கீழேயே எச்சரிக்கை போடுங்கள். எப்படி என்பதை எழுதவே வேண்டாம்.

கடைசியாக, நண்பர்களிடம் கொடுத்துப் பேசவிடுங்கள். தூக்குத் தண்டனை நடப்பில் இருக்கும் ஊர் நம்முடையது. அதனால் ‘கீரா செய்தது சரியா’ என்று யாராவது ஆரம்பித்தால் காப்பிக்கடை மூடும்வரை ஓயாது. அதையும் ஒருநாள் பேசலாம். ஆனால் கதையைக் கொடுக்கும் அன்றைக்கு மட்டும், “அந்த அட்டையை நவோமி ஏன் நீட்டினார்?” என்று கேட்டுவிட்டு நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். யாருக்கும் பதில் தோன்றாத இடத்தை அடுத்த வரைவில் திருத்துங்கள்.