நீண்ட வீட்டுப் பாதையில் குப்பைத் தொட்டியைச் சாலைவரை கொண்டுபோவது எப்படி?

வாசலைத் திறந்தால் சாலை என்றிருக்கும் வீட்டில் குப்பைத் தொட்டியை வெளியே வைப்பது ஒரு நிமிட வேலை. வீடு ஒரு கோடியில், குப்பை வண்டி வரும் சாலை மறு கோடியில் என்றால் அது வாரா வாரம் வரும் தலைவலி. எங்கள் பாதை 300 மீட்டர். தொட்டி இரண்டு. ஒவ்வொன்றாக இழுத்துப்போய் வைத்துவிட்டுத் திரும்ப 1,200 மீட்டர் நடக்க வேண்டும். வண்டி வந்துபோன பிறகு காலித் தொட்டிகளை எடுத்துவர இன்னொரு 1,200 மீட்டர். இருட்டில், மழையில், செருப்பு சேற்றில் புதைய நடந்தால் இந்த 2.4 கிலோமீட்டர் இன்னும் நீளும்.

புதிதாக இப்படிப்பட்ட வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, கருவி வாங்க ஓடுவது. நானும் ஓடினேன். வாங்கிய கைவண்டி எங்கள் சரளையில் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. எனவே கருவி பிறகு, பாதை முதலில்.

முதல் படி: வெறுங்கையோடு ஒருமுறை நடந்து பாருங்கள்

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று நீளம். காலடியை எண்ணினால் போதும். பெரியவர்கள் சாதாரணமாக நடந்தால் பத்து அடிவைப்பு ஏறக்குறைய 7 மீட்டர் வரும். இரண்டு, தரை. சிமெண்டா, தாரா, சரளையா, மண்ணா? மண் என்றால் மழைக்குப் பிறகும் ஒருமுறை நடந்து பாருங்கள். காய்ந்த நாளில் கல் மாதிரி இருக்கும் வண்டித்தடம், ஈரத்தில் தொட்டிச் சக்கரத்தை விழுங்கிவிடும்.

மூன்றாவது சரிவு. கண்ணால் பார்த்துச் சொன்னால் பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். ஒரு மீட்டர் நீளச் சட்டத்தைச் சரிவில் மேலிருந்து கீழாகக் கிடத்தி, அதன்மேல் ரசமட்டத்தை வையுங்கள். குமிழி நடுவுக்கு வரும்வரை கீழ்ப்பக்க முனையைத் தூக்குங்கள். தரைக்கும் அந்த முனைக்கும் இடையே 10 சென்டிமீட்டர் இருந்தால் அது 10 சதவீதச் சரிவு. 60 கிலோ எடையுள்ள தொட்டியை அதில் ஏற்றும்போது, தரையின் தடையைக் கணக்கில் சேர்க்காமலே, ஏறத்தாழ 6 கிலோ எடையைத் தூக்கிப் பிடிக்கிற அளவு விசை வேண்டும். பத்தடி தூரத்துக்கு அது ஒன்றுமில்லை. நூறு மீட்டர் போனால் மூச்சு வாங்கும்.

இரண்டாம் படி: தொட்டியை எடைபோடுங்கள்

வீடுகளில் அதிகம் இருப்பது 240 லிட்டர் பிடிக்கும் இரட்டைச் சக்கரத் தொட்டி. காலியாகவே 10 முதல் 15 கிலோ இருக்கும். எவ்வளவு எடைவரை ஏற்றலாம் என்பது பெரும்பாலும் தொட்டியின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 240 லிட்டர் தொட்டிக்குப் பொதுவாக 100 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அது தொட்டி தாங்கும் எடை. உங்கள் முதுகு தாங்குமா என்பது வேறு கேள்வி.

எடை கூடுவதற்கு முக்கியக் காரணம் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மூடி சரியாக மூடாமல் மழை இறங்கினாலோ, ஈரச் சருகையும் சமையல் கழிவையும் அப்படியே கொட்டினாலோ, நீங்கள் இழுப்பதில் பாதி தண்ணீராக இருக்கும். இடம் இருப்பவர்கள் சமையல் கழிவை உரக்குழிக்குத் திருப்பிவிட்டால் தொட்டி கண்கூடாக இலேசாகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளியே வைத்தால் போதும் என்ற நிலை வந்தால் நடையும் பாதியாகிவிடும்.

கனமான பைகளை அடியில், சக்கரம் இருக்கும் பக்கமாகப் போடுங்கள். மேலே கனம் இருந்தால் பள்ளத்தில் தொட்டி கவிழும்.

மூன்றாம் படி: கையால் கொண்டுபோகும் முறை

100 மீட்டருக்குள், ஓரளவு சமதரை என்றால் வேறு எதுவும் வேண்டாம், கையே போதும். ஆனால் பலர் தப்பாகத்தான் இழுக்கிறார்கள். ஒரு காலைச் சக்கர அச்சின்மேல் ஊன்றி, கைப்பிடியை உங்கள் பக்கம் சாயுங்கள். எடை முழுவதும் சக்கரத்தின் மேல் உட்காரும் ஒரு கோணம் வரும். அந்த இடத்தில் கைப்பிடி கிட்டத்தட்ட எடையே இல்லாததுபோல இருக்கும். அந்தச் சாய்வைக் கடைசிவரை விடாதீர்கள். குறைவாகச் சாய்த்தால் தொட்டி முன்னால் விழப் பார்க்கும், அதிகம் சாய்த்தால் எடை உங்கள் தோளுக்கு வந்துவிடும்.

வழவழப்பான தரையில் தொட்டியை முன்னால் விட்டுத் தள்ளலாம். சரளையிலும் மண்ணிலும் இழுங்கள். தள்ளும்போது உங்கள் விசையில் ஒரு பங்கு சக்கரத்தைக் கீழே அமுக்கிக் கல்லுக்குள் புதைக்கிறது. இழுக்கும்போது அதே விசை சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கிக் கல்லைத் தாண்ட வைக்கிறது.

சரிவுக்கு ஒரே விதி: தொட்டி எப்போதும் உங்களுக்குக் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். இறங்கும்போது அது முன்னால், நீங்கள் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு. ஏறும்போது நீங்கள் முன்னால், அது பின்னால். கை நழுவினாலும் தொட்டி உங்கள்மேல் ஏறாது, தன் வழியில் போய் எங்காவது விழும். குப்பையை அள்ளிக்கொள்ளலாம், கணுக்காலை அப்படி அள்ள முடியாது. சரிவில் இரண்டு கைக்கு இரண்டு தொட்டி என்ற வீரமும் வேண்டாம். சமதரையில், இலேசான தொட்டி என்றால் சரி.

பனி விழும் இடத்தில் சக்கரம் வேலைக்கு ஆகாது. அடி அகலமான பிளாஸ்டிக் சறுக்குப் பலகையில் தொட்டியைப் படுக்கவைத்து, மூடியோடு சேர்த்துக் கட்டி இழுத்தால் சுலபமாக வரும்.

நான்காம் படி: வண்டியின் உதவி

தூரம் அதிகம் என்றால் இங்குதான் வந்து நிற்பீர்கள். முதலில், செய்யவே கூடாத ஒன்று. கார் ஜன்னல் வழியே கையை நீட்டித் தொட்டியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது. பார்க்கச் சுலபமாகத் தெரியும். நான் ஒரே ஒருமுறை செய்தேன். இரண்டாவது குழியில் சக்கரம் சிக்கியது, தோள் பத்து நாள் வலித்தது. கை அங்கேயே இருந்ததே பெரிய விஷயம்.

முறையான வழிகள் மூன்று.

காரின் பின்னால் டிரெய்லர் மாட்டும் உருண்டை இருந்தால், அதில் பொருத்தும் கொக்கி கிடைக்கிறது. தொட்டியின் கைப்பிடியை அதில் மாட்டினால் தொட்டி தன் சக்கரத்திலேயே பின்னால் உருண்டு வரும். விலை குறைவு, வேலை சுலபம். ஆனால் அந்தச் சக்கரங்கள் மனிதன் நடக்கும் வேகத்துக்குச் செய்யப்பட்டவை. பெரும்பாலும் 20 சென்டிமீட்டர் விட்டம்தான், கெட்டி ரப்பர், உள்ளே பேரிங் கிடையாது. வேகமாக ஓட்டினால் அச்சைச் சுற்றிய பிளாஸ்டிக் தேய்ந்து சக்கரம் ஆடத் தொடங்கும். மணிக்கு 5, 6 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள். பின்னோக்கி ஓட்டவும் கூடாது. தொட்டி மடங்கி வண்டிக்கு அடியில் போய்விடும்.

இரண்டாவது, சதுரக் குழாய் வடிவ ஹிட்ச் (வண்டியின் பின்னால் டிரெய்லர் போன்றவற்றை மாட்டும் இணைப்பு) உள்ள வண்டிகளுக்கான தாங்கி. இதில் தொட்டி தரையைத் தொடாமல் தூக்கி நிறுத்தப்படும். சரளைப் பாதைக்கு இதுதான் நல்லது, சக்கரம் தேயாது. ஆனால் கணக்குப் போட வேண்டும். ஹிட்ச்சின்மேல் செங்குத்தாக எவ்வளவு எடை இறங்கலாம் என்று வண்டியின் கையேட்டில் இருக்கும். பல சிறிய கார்களில் அது 50 முதல் 100 கிலோவுக்குள்தான். தாங்கியும் இரண்டு நிறைந்த தொட்டிகளும் சேர்ந்தால் அதை எளிதாகத் தாண்டிவிடும். அப்படியானால் ஒவ்வொன்றாகப் போங்கள். புகைக்குழாய் எந்தப் பக்கம் என்றும் குனிந்து பாருங்கள். சூடான புகை நேராகத் தொட்டியில் அடித்தால் பிளாஸ்டிக் உருகும்.

எந்த முறையானாலும் மூடியைக் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிற்றால் கட்டிவிடுங்கள். சொந்தப் பாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தொட்டி பின்விளக்கையும் எண் பலகையையும் மறைத்துவிடும், பொதுச் சாலையில் அது ஆபத்து.

மூன்றாவது வழி, புல்வெட்டும் டிராக்டரும் அதற்குப் பின்னால் ஒரு சிறு டிரெய்லரும். ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு அருமை. குப்பைக்காக மட்டும் வாங்காதீர்கள்.

ஐந்தாம் படி: தொட்டியை நகர்த்தாமலே இருக்க முடியுமா?

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் மேலே உள்ளதைப் படிக்காமல் இதன் அருமை தெரியாது. தொட்டிகளைப் பாதையின் சாலைப் பக்க முனையிலேயே நிரந்தரமாக வைத்துவிடுங்கள். வீட்டில் சிறிய கூடை. அது நிறைந்ததும் பையைக் கட்டி, எப்படியும் வெளியே கிளம்பும்போது வண்டியில் எடுத்துப்போய்த் தொட்டியில் போடுங்கள். வண்டியில் ஒரு தார்ப்பாய்த் துண்டை விரித்தால் கசிவு பிரச்சினை இல்லை. நான் இப்போது செய்வது இதுதான்.

எல்லோருக்கும் ஒத்துவராது. தொட்டி எப்போதும் சாலையோரம் நிற்பதைச் சில ஊர்களின் விதி அனுமதிப்பதில்லை. குப்பை சேகரிக்கும் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விதி இடித்தால் உங்கள் எல்லைக்குள்ளேயே சில மீட்டர் தள்ளி வைக்கலாம். நாயோ காட்டு விலங்கோ வரும் இடம் என்றால் மூன்று பக்கம் அடைப்பும் தாழ்ப்பாளும் போட்ட ஒரு கூண்டு வேண்டும். அதற்கு அடியில் நான்கைந்து சிமெண்ட் பலகைகள் பதித்தால், தொட்டியை வெளியே இழுப்பது விளையாட்டாக இருக்கும்.

ஆறாம் படி: சாலையோரத்தில் வைப்பது

இயந்திரக் கை நீட்டித் தூக்கும் வண்டி என்றால் பெரும்பாலும் மூடி திறக்கும் பக்கம் சாலையைப் பார்க்க வேண்டும், சக்கரமும் கைப்பிடியும் வீட்டைப் பார்க்க வேண்டும். ஆட்கள் கையால் இழுத்து மாட்டும் இடங்களில் நேர்மாறாக, கைப்பிடி சாலைப் பக்கம். உங்கள் பகுதியில் எது என்று ஒருமுறை கேட்டால் தீர்ந்தது. தொட்டிகளுக்கிடையே ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள். கம்பம், மரக்கிளை, நிறுத்திய வண்டி எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

காலியானதும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். நிறைந்த தொட்டியை அசைக்காத காற்று, காலித் தொட்டியைப் பந்துபோல உருட்டும். எங்களுடையது ஒருமுறை பக்கத்து வயலில், தலைகீழாக, மூடி இல்லாமல் கிடைத்தது. மூடியைத் தேடி எடுக்க இன்னும் அரை நாள் ஆனது.

மாதம் ஒருமுறை தொட்டியைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். அச்சில் சுற்றிய புல்லையும் கயிறையும் வெட்டி எடுத்து, சக்கரம் அச்சில் உரசும் இடத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். சக்கரம் விரிசல் விட்டிருந்தால் தொட்டியையே மாற்ற வேண்டியதில்லை. அச்சும் சக்கரமும் பெரும்பாலான தொட்டிகளுக்குத் தனியாகவே கிடைக்கும். தொட்டி உங்களுக்குச் சொந்தமில்லை, சேகரிக்கிறவர்கள் கொடுத்தது என்றால், கழற்றுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.