சுகர் மாத்திரையும் சூரணமும்: சேர்த்துச் சாப்பிடுமுன்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிற பலர் வீட்டில் ஒரு சூரணப் பொட்டலமும் இருக்கும். மாத்திரை எழுதிய டாக்டருக்குச் சூரணம் தெரியாது, சூரணம் கொடுத்தவருக்கு மாத்திரை தெரியாது. இரண்டு வைத்தியமும் ஒத்துப்போகுமா என்ற விவாதத்தை விட இந்தத் தெரியாமைதான் ஆபத்து.

முதல் வேலை, ஒரு நாற்பது பக்க நோட்டு. மருந்தின் பெயர், அளவு, வேளை, தொடங்கிய தேதி, யார் கொடுத்தது என்று ஒரே நோட்டில் எல்லாவற்றையும் எழுதுங்கள். ‘மூட்டுவலிப் பொடி’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. அதில் சேர்ந்த சரக்குகளைக் கேட்டு எழுத வேண்டும். சொல்ல மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

பெயரைக் கேட்டால் மட்டும் போதாது என்பதற்குச் சீன மருத்துவத்தில் ஒரு பாடம் உண்டு. 1990களின் தொடக்கத்தில், பெல்ஜியத்தில் எடை குறைக்க மருந்து சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அந்த மருந்தில் சேர வேண்டிய சீன மூலிகை ‘ஃபாங் ஜி’. வந்து சேர்ந்ததோ ‘குவாங் ஃபாங் ஜி’. பெயர் ஒட்டிய உறவுதான்; செடி முற்றிலும் வேறு. இரண்டாவது செடி அரிஸ்டோலோகியா இனம். அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் உண்டாக்கும். அதே இனத்துச் செடிகள் நம்மிடமும் உண்டு: ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி (பெருமருந்துக் கொடி என்பதும் இதுவே). இவை சேர்ந்த எதையும் உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். சிறுநீரகம் கெடும்போது ஆரம்பத்தில் வலிக்காது, வீக்கமும் தெரியாது. ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறுவது சோதனையில்தான் தெரியும்.

ஆகவே நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்காமல், முழுச் சரக்காக வாங்கி இடித்துக்கொள்ளுங்கள். வேரையும் பட்டையையும் தெரிந்தவரால் அடையாளம் காண முடியும். பொடியைக் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கேட்கும் பெயரும் முழுசாக இருக்கட்டும். ‘நிலவேம்புக் குடிநீர்ச் சூரணம்’ ஒன்பது சரக்கு சேர்ந்தது, ‘நிலவேம்புப் பொடி’ ஒரே சரக்கு.

குடிநீர் (கஷாயம்) காய்ச்சுவதில் அளவுதான் வழக்கமாகப் பிசகும். 5 கிராம் சூரணத்துக்கு 240 மில்லி தண்ணீர், அது 60 மில்லியாகச் சுண்ட வேண்டும். முதலில் பாத்திரத்தில் 60 மில்லி மட்டும் ஊற்றி, ஒரு குச்சியை நட்டு நனைந்த மட்டத்தில் கீறிக்கொள்ளுங்கள். பிறகு மிச்சம் 180 மில்லியையும் பொடியையும் போட்டு, மூடாமல் சிறு தீயில் வைத்து, கீறல் மட்டம் வந்ததும் இறக்கி வடிகட்டுங்கள். மண்சட்டியோ எவர்சில்வரோ சரி. இரும்புச் சட்டியில் துவர்ப்புச் சரக்கு கறுத்துப்போகும், அலுமினியமும் வேண்டாம். நேற்றையதைச் சூடாக்கிக் குடிக்கக் கூடாது.

தண்ணீர் எது என்பது நம் மாவட்டங்களில் தனிக் கேள்வி. பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம். கொதித்தால் அது ஆவியாகாது. 240 மில்லியில் இருந்தது முழுவதும் அந்த 60 மில்லிக்குள் நிற்கும். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரில் காய்ச்சுங்கள்.

எல்லாவற்றையும் கொதிக்க வைக்கவும் கூடாது. மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுத்த சீன விஞ்ஞானி தூ யூயூ (2015 நோபல்) திணறியது இங்கேதான். மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்ன பழைய குறிப்பைப் படித்த பிறகே, சூடு மருந்தைக் கெடுக்கிறது என்று அவருக்குப் பிடிபட்டது. சாறு என்று எழுதிக் கொடுத்ததைக் கஷாயமாக்காதீர்கள்.

‘ரெண்டு மணி நேரம் விட்டுச் சாப்பிட்டா ஒண்ணும் பண்ணாது’ என்பது பாதி உண்மை. கடுக்காய், திரிபலா போன்ற துவர்ப்புச் சரக்குகள் வயிற்றிலேயே இரும்புச்சத்து மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே இடைவெளி உதவும். ரத்தத்தில் கலந்த பிறகு மோதுகிறவற்றுக்கு உதவாது. அவற்றில் முக்கியமானவை:

அதிமதுரம் தினமும் சாப்பிட்டால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நீர் பிரியும் மாத்திரையோ டிகாக்சின் என்ற இதய மாத்திரையோ சாப்பிடுபவருக்கு இதயத் துடிப்பே தடுமாறலாம்.

சிறுகுறிஞ்சான், வெந்தயம், பாகல் மூன்றும் கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு ஆகிய சுகர் மாத்திரைகளோடோ இன்சுலினோடோ சேர்ந்தால் சுகர் அளவுக்கு மீறி இறங்கலாம். வேர்த்து, கை நடுங்கினால் உடனே சர்க்கரை கொடுங்கள்.

திரிகடுகில் உள்ள மிளகும் திப்பிலியும் வலிப்புக்கான ஃபெனிட்டாயினை ரத்தத்தில் கூட்டும். தலைசுற்றும், நடை தள்ளாடும். அமுக்கரா தைராய்டு மாத்திரையோடு ஒத்துப்போகாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் எந்த மூலிகையையும் ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்துக்கான சோதனை) பார்க்காமல் தொடங்கக் கூடாது.

பற்பம், செந்தூரம் வாங்கினால் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றும் அச்சிட்ட டப்பாவாகப் பாருங்கள். பாதரசமோ பாஷாணமோ சேர்ந்தவற்றைச் சித்த மருத்துவர் கண்காணிப்பில்லாமல் தொடவே வேண்டாம். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

சூரணம் தொடங்குமுன் கிரியாட்டினின், எஸ்ஜிபிடி (கல்லீரல் சோதனை), சுகர் பார்த்து நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். ஆபரேஷன் என்றால் இரண்டு வாரம் முன்பே டாக்டரிடம் சொல்லி மூலிகையை நிறுத்துங்கள். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் குறைந்தாலோ சூரணத்தை அன்றே நிறுத்திப் பொட்டலத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆங்கில மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

ஒவ்வொரு முறை வாங்கும்போதும் ஒரு ஸ்பூன் பொடியைத் தேதி எழுதிய உறையில் தனியே எடுத்து வையுங்கள். பெல்ஜியத்தில் செடி மாறியது தெரியவந்ததும் பொடியைச் சோதித்துப் பார்த்ததில்தான்.