செவிலியர் வார்டு மாற்றத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வார்டு மாற்றப் பட்டியல் வெளியாகும் நாளில் செவிலியர்களிடையே முணுமுணுப்பு எழுந்தால், பழகிய இடத்தை விட்டு நகர அவர்களுக்கு மனமில்லை என்று நிர்வாகம் முடிவு கட்டிவிடுவதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன. புதிய பிரிவில் புதிய வேலையைக் கற்க விரும்பும் செவிலியர் பலர் உண்டு. அவர்களின் மனக்குறை மாற்றத்தின் மீதல்ல, அது முடிவு செய்யப்படும் விதத்தின் மீதுதான்.

நியாயமான நடைமுறைக்கு உளவியலாளர் ஜெரால்டு லெவன்தால் 1980இல் ஆறு விதிகளைக் கூறினார்: எல்லோருக்கும் ஒரே அளவுகோல், சார்பின்மை, சரியான தகவல், தவறினால் திருத்திக்கொள்ள வழி, பாதிக்கப்படுவோரின் கருத்துக்கு இடம், நெறி பிறழாமை. சிலர் ஆண்டுக்கணக்கில் புறநோயாளிப் பிரிவிலேயே இருக்க, வேறு சிலர் ஒரே ஆண்டில் மூன்று வார்டுகளுக்கு மாற்றப்பட்டால் முதல் விதியே உடைகிறது. டயாலிசிஸ் போன்ற பிரிவுகளில் பயிற்சி பெற்றவரை நகர்த்த முடியாது என்பது உண்மையான காரணமே. அதை வெளிப்படையாகச் சொல்லாமல் விட்டால், அதுவும் சலுகையாகவே தெரியும்.

எல்லாவற்றிலும் கொடியது, மாற்றத்தைத் தண்டனையாகப் பயன்படுத்துவது. மருந்து கொடுத்ததில் நேர்ந்த பிழையைத் தானே முன்வந்து சொன்ன செவிலியர் அடுத்த வாரமே வேறு வார்டுக்கு அனுப்பப்பட்டால், அது தற்செயலாகவே இருந்தாலும், மற்றவர்கள் கற்றுக்கொள்ளும் பாடம் வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான். அதன் பாதிப்பு நோயாளியின் கட்டில் வரை போகும்.

புதிதாக வந்தவரை அன்றிரவே தனியாக நைட் டூட்டியில் விடுவதும் அப்படித்தான். நள்ளிரவில் ஒருவருக்கு மூச்சுத் திணறும்போது, பத்தாண்டு அனுபவமுள்ள செவிலியரே அவசர மருந்து வண்டியின் முன் நின்று, அட்ரினலின் எதில் இருக்கிறது என்று ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து பார்க்க நேரும். அந்தத் தடுமாற்றத்தை அவருடைய திறமைக் குறைவாக எழுதி வைப்பது பெரும் அநியாயம். முதல் சில ஷிஃப்டுகளாவது அந்த வார்டில் பழகியவருடன் பகலில் வேலை பார்க்கவிட வேண்டும். அந்த நாள்களில் அவரையும் சேர்த்து ஆள்கணக்குக் காட்டக் கூடாது.

முன்னறிவிப்பும் ஓய்வும் மேலதிகாரியின் தயவு அல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு செவிலியர்களுக்காக 1977இல் வெளியிட்ட பரிந்துரை, குடும்ப வாழ்க்கையைத் திட்டமிட ஏதுவாகப் பணி அட்டவணையை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்றும், இரண்டு ஷிஃப்டுகளுக்கு இடையே குறைந்தது 12 மணி நேரத் தொடர் ஓய்வு இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது.

செவிலியர்கள் தரப்பிலும் ஒரு தவறு நடக்கிறது: குறையை உடை மாற்றும் அறையிலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். எந்த வார்டில் எத்தனை மாதம், மாதத்துக்கு எத்தனை இரவுகள் என்று தேதியோடு குறித்து வைத்திருப்பவர், தலைமைச் செவிலியரிடம் அந்தத் தாளை நீட்டி, பட்டியல் எந்த அளவுகோலின்படி போடப்பட்டது என்று எழுத்தில் கேட்க முடியும்.