ஹார்ட்வெயார் முதலாளியின் கொப்பியும் வங்கியின் கார்டும்

வீட்டுக்காரர் பைப் வேலை, தம்பி வயரிங், கணக்கு என் கையில். ஹட்டன், டிக்கோயா, கொட்டகலை, சீசன் வந்தால் நுவரெலியா வரை வீடுகளுக்கும் கெஸ்ட் ஹவுஸ்களுக்கும் போய்ச் செய்கிற தொழில் எங்களுடையது. இதே மாதிரித் தொழில் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எந்த கிரெடிட் கார்ட் எடுத்தால் பொயிண்ட்ஸ் கூட வரும்?" செலவுக்கு வங்கி தருகிற அந்த பொயிண்ட்ஸைக் கடைசியில் பார்க்கலாம். உங்கள் சல்லி எங்கே போகிறது, மாதத்தில் எந்தத் திகதிக்குத் திரும்பி வருகிறது என்று தெரிந்த பிறகுதான் கார்ட் பேச்சு.

கடைசி மூன்று மாத பில்களை எடுத்துப் பிரித்து வையுங்கள். ஹார்ட்வெயார் சாமான் ஒரு பக்கம், பெற்றோல் ஒரு பக்கம், ட்ரில், கிரைண்டர் மாதிரி ஆயுதங்கள் ஒரு பக்கம், போன் பில், இன்சூரன்ஸ், சாப்பாடு இன்னொரு பக்கம். எங்களுக்குப் பெரிய கட்டு எப்போதும் ஹார்ட்வெயார்தான். பைப், வால்வ், வயர், சிமெந்து, தகரம்.

அங்கேதான் முதல் முடிச்சு. கார்டை நீட்டினால், "கார்ட் என்றால் மூன்று வீதம் கூட வரும் தங்கச்சி" என்பார் முதலாளி. கார்டில் கட்டுகிறவரிடம் கடைக்காரர் அப்படி மேலதிகமாக வாங்கக் கூடாது என்று மத்திய வங்கி அறிவித்திருக்கிறது. கடைக்கு கார்ட் மெஷினைக் கொடுத்த வங்கியிடம் முறையிடலாம். ஆனால் சின்ன டவுனில், நாளைக்கும் அதே கடைக்குத்தான் போக வேண்டும். அதனால் கணக்கைப் பாருங்கள். 80,000 ரூபாய் பில்லுக்கு மூன்று வீதம் என்றால் 2,400 ரூபாய் கூட. ஒரு வீதம் திருப்பித் தருகிற நல்ல கார்டே வைத்திருந்தாலும் கிடைப்பது 800. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அதோடு கொப்பி இருக்கிறது. பழகிய முதலாளி பெயரை எழுதிவிட்டுச் சாமானைத் தருவார், மாதக் கடைசியில் கொடுத்தால் போதும். வட்டியில்லை, வருடக் கட்டணமில்லை, ஃபோர்ம் நிரப்பத் தேவையில்லை. கையில் காசு கொடுத்தால் சில கடைகளில் கழிவும் உண்டு. அப்படி ஒரு கொப்பி உங்களுக்கு இருந்தால் ஹார்ட்வெயாரை அதிலேயே விட்டுவிடுங்கள். மிச்சச் செலவுக்குப் பொருந்துகிற கார்டைத் தேடுங்கள். கொப்பி இல்லாதவர்கள், புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள், கூடுதல் காசு வாங்காத கடையை முதலில் பிடியுங்கள். அப்படியே அந்தக் கடை மெஷின் எந்த கார்டை எடுக்கும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். விசா, மாஸ்டர் பெரும்பாலும் போகும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் இலங்கையில் நேஷன்ஸ் டிரஸ்ட் வங்கி வழியாக வருகிறது. சலுகைகள் பார்க்க நன்றாக இருக்கலாம், ஆனால் நீங்கள் போகிற கடைகள் எடுக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது திகதி. எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம், ஆனால் கார்ட் விற்க வருகிற பிள்ளைகள் யாரும் இதைச் சொல்வதில்லை. தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதி வாக்கில். லயத்து வீட்டில் கரண்ட் வேலை செய்தால், "சம்பளத்துக்குத் தாறேன் அண்ணே" என்பார்கள், தருவார்கள். ஆக எங்கள் கைக்குக் காசு சேர்வது 12க்கும் 16க்கும் இடையில். கார்டில் காசு கட்டவேண்டிய கடைசி நாள் 8ஆம் திகதி என்று விழுந்தால் மாதாமாதம் மூச்சு முட்டும். 18, 19 என்று விழுந்தால் நிம்மதி.

கடைசி நாள் பொதுவாக ஸ்டேட்மென்ட், அதாவது வங்கி அனுப்புகிற மாதக் கணக்கு, போடுகிற நாளிலிருந்து மூன்று வாரம் கழித்து வரும். வட்டியில்லாமல் 51 நாள் என்று விளம்பரத்தில் போடுவது இந்த மூன்று வாரத்தையும் அதற்கு முந்திய மாதத்தையும் சேர்த்துத்தான். ஸ்டேட்மென்ட் 28ஆம் திகதி என்று வையுங்கள். மே 29இல் வாங்கிய சாமான் ஜூன் 28 ஸ்டேட்மென்டில் ஏறும், ஜூலை 19 வரை நேரம் இருக்கும். முழுதாக 51 நாள். அதையே மே 27இல் வாங்கினால் மறுநாளே ஸ்டேட்மென்டில் ஏறிவிடும், ஜூன் 18க்குள் கட்ட வேண்டும். 22 நாள்தான். நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு முன்னால் கெஸ்ட் ஹவுஸ்களில் கீசர் சர்வீஸும் பாத்ரூம் ஒழுக்கும் குவியும், காசு வருவது சீசன் முடிந்த பிறகு. அந்தச் சாமானை ஸ்டேட்மென்ட் விழுந்த மறுநாள் வாங்குவது என் பழக்கம். இவர் அவசரப்படுவார், நான் விடமாட்டேன். விண்ணப்பிக்கும்போதே, "ஸ்டேட்மென்ட் எந்தத் திகதி, அதை மாற்றித் தருவீர்களா?" என்று கேளுங்கள். மாற்ற முடியாது என்றால், பொயிண்ட்ஸ் எவ்வளவு கொடுத்தாலும் அந்த கார்டை நான் எடுக்கமாட்டேன்.

ஏனென்றால் முழுத்தொகையைக் கட்டாவிட்டால் எல்லாம் தலைகீழ். 2022 நெருக்கடிக்குப் பிறகு கார்ட் வட்டி ஆண்டுக்கு 30 வீதத்தையும் தாண்டிப் போனது. 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி 28 வீதம் என்று உச்சம் வைத்தது. இன்றைக்கு உங்கள் வங்கி என்ன வீதம் எடுக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள், தமிழில் கேளுங்கள். 28 என்றே வைத்தால் ஒரு இலட்சம் ரூபாய்க்கு மாத வட்டி கிட்டத்தட்ட 2,300. அதே ஒரு இலட்சத்துக்கு பொயிண்ட்ஸ் ஐந்நூறோ ஆயிரமோ. 'குறைந்தபட்சத் தொகை' என்று ஸ்டேட்மென்டில் சின்னதாக ஒரு எண் போட்டிருப்பார்கள். அதை மட்டும் கட்டினால் கார்ட் வெட்டுப்படாது, மிச்சத்துக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். கூலி கொடுக்க ஏடிஎம்மில் கார்டைப் போட்டு காசு எடுக்கவே கூடாது. எடுத்த அன்றிலிருந்து வட்டி, மேலே ஒரு கட்டணம், பொயிண்ட்ஸும் கிடையாது.

சரி, இப்போது பொயிண்ட்ஸ். 200 ரூபாய்க்கு ஒரு பொயிண்ட், ஒரு பொயிண்ட் ஒரு ரூபாய் பெறும் என்றால் உங்களுக்குக் கிடைப்பது அரை வீதம். வருடக் கட்டணம் 5,000 என்றால் வருடத்துக்குப் பத்து இலட்சம் செலவழித்தால்தான் கட்டணமே திரும்பும். ஆகவே முதல் வருடம் இலவசம் என்றால் இரண்டாம் வருடம் என்ன, எவ்வளவு செலவழித்தால் கட்டணத்தை விடுவார்கள் என்று கேளுங்கள். பெற்றோல், கரண்ட் பில், தண்ணீர் பில்லுக்கு பொயிண்ட்ஸ் இல்லை என்று சில கார்டுகளில் நுணுக்கெழுத்தில் இருக்கும். எங்கள் மாதிரித் தொழிலுக்கு ஹார்ட்வெயார் போக மிச்சச் செலவில் பாதி அங்கேதான் போகிறது. பெந்தோட்டை ஹோட்டலில் 40 வீதம் கழிவு, கொழும்பு ரெஸ்டோரண்டில் ஒன்று வாங்கினால் ஒன்று என்றெல்லாம் அடுக்குவார்கள். மஸ்கெலியாவில் பைப் பூட்டுகிறவருக்கு அது எதற்கு? ஸ்டேட்மென்டிலேயே காசாகக் கழித்துத் தருகிற கேஷ்பேக் கார்ட்தான் நம்மைப் போன்றவர்களுக்குச் சுகம். பொயிண்ட்ஸ் என்றால் எப்போது காலாவதியாகும் என்றும் பாருங்கள்.

பே ஸ்லிப் இல்லாதவர்களுக்கு கார்ட் கிடைக்குமா என்று பலருக்குச் சந்தேகம். கிடைக்கும், ஆனால் காகிதம் வேண்டும். பிரதேச செயலகத்தில் தொழில் பெயரைப் பதிந்த சான்றிதழ், டின் நம்பர் என்கிற வரி இலக்கம், ஆறு மாதமளவு வங்கிக் கணக்கு அறிக்கை. கையில் வாங்குகிற காசைக் கையிலேயே செலவழித்தால் அறிக்கையில் ஒன்றும் தெரியாது. அதனால் வருமானத்தைக் கணக்கில் போட்டு எடுங்கள். தோட்டத் துரைமாரின் தேயிலைக் காசுக்காக 1888இல் இந்த ஹட்டனிலேயே வங்கி தொடங்கினார்கள், அதுதான் இன்றைய ஹட்டன் நெஷனல் பேங்கின் ஆரம்பம். நமக்கோ இன்றைக்கும் வருமானத்தைக் காட்டத்தான் பாடு. அதுவும் முடியாவிட்டால் நிலையான வைப்பு ஒன்றைப் பிணையாக வைத்து கார்ட் வாங்கலாம். வைப்புக்கு வட்டி வந்துகொண்டே இருக்கும். முதல் கார்டுக்கு நல்ல வழி.

வங்கி 'கிரிப்' அறிக்கையை, அதாவது கடன் தகவல் பணியகத்தில் உங்கள் கடன்களைப் பற்றி இருக்கிற பதிவை, பார்க்காமல் கார்ட் தராது. த்ரீவீல் லீசிங் தவணை பிந்தியது அதில் இருக்கும், யாருக்கோ பிணை நின்றதும் இருக்கும். எங்கள் பக்கம் குழுக் கடனுக்கும் சொந்தக்காரர் கடனுக்கும் பிணைக் கையெழுத்துப் போட்டவர்கள் நிறையப் பேர். விண்ணப்பிக்க முன்னமே உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள்.

தம்பிக்கு ஒரு துணைக் கார்ட் எடுத்து, தனி லிமிட் வைத்தேன். "அக்கா, முப்பதாயிரம்தானா?" என்றான். அவன் கார்டை இழுத்தவுடன் எஸ்எம்எஸ் எனக்கு வரும். வீட்டு அரிசி பருப்பை இந்தக் கார்டில் வாங்குவதில்லை என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம், வருடக் கடைசியில் ஸ்டேட்மென்டே தொழில் செலவுக் கணக்காகிவிடும்.

பெரிய ட்ரில், வெல்டிங் மெஷின் வாங்குவதென்றால் வட்டியில்லாத் தவணைத் திட்டத்தைப் பாருங்கள், ஆனால் கையாளுதல் கட்டணம் ஒன்று தலையில் கட்டுவார்களா என்று கேட்டுவிட்டு. அதே சாமானுக்குக் கைக்காசு விலை என்ன என்றும் வேறு கடையில் விசாரியுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதென்றால் அந்தத் திட்டத்தின் வட்டி விலைக்குள்ளேயே இருக்கிறது.