நல்லா பழகுற பொண்ணுக்கும் ஆட்டிசம் இருக்கலாம், எதையெல்லாம் கவனிக்கணும்?

"நல்லா பேசுறா, கண்ண பாத்து பேசுறா, ஃபிரண்ட்ஸ் இருக்காங்க, இவளுக்கு எப்படிங்க ஆட்டிசம்?" சொந்தக்காரங்க மட்டும் இல்ல, சில டாக்டருங்களே இப்படித்தான் கேக்குறாங்க. 1943ல லியோ கேன்னர்ங்கற குழந்தைங்க மனநல டாக்டர் ஆட்டிசம் பத்தி எழுதுன கட்டுரைல இருந்த 11 குழந்தைங்கள்ல 8 பேர் பசங்க, அப்புறமும் ரொம்ப காலம் ஆராய்ச்சியெல்லாம் பசங்கள வெச்சே ஓடுச்சு, அதனால ஆட்டிசம்னாலே மூலைல உக்காந்து கார் சக்கரத்த சுத்துற பையன் தான் நமக்கு ஞாபகம் வரான்.

அதனால ஃபிரண்ட்ஸ் இருக்காங்களான்னு பாக்காதீங்க, அது எப்படி ஓடுதுன்னு பாருங்க. தூரத்துலேர்ந்து பாத்தா கூட்டத்துல தான் நிப்பா, கொஞ்ச நேரம் உக்காந்து கவனிச்சா இந்த குரூப்லேர்ந்து அந்த குரூப்புக்கு போயிட்டே இருப்பா, மத்தவங்க சிரிச்சப்புறம் சிரிப்பா. ஒரே ஒரு பொண்ணோட ஒட்டிக்குவா, அவ லீவு போட்டா லஞ்சுக்கு யாரோட உக்காரணும்னே தெரியாது. சிலர் நேர் எதிர், விளையாட்டுக்கு இவ தான் ரூல் போடுவா, யாராவது மாத்துனா சண்டை. பெரியவங்க கிட்டயும் குட்டி பசங்க கிட்டயும் பிரமாதமா பேசுவா, தன் வயசு பிள்ளைங்க கிட்ட தான் தடுமாறுவா. கிளாஸ்ல இருக்குற ஒருத்தியோட பேச்சு, கையெழுத்து, நடை எல்லாத்தயும் அப்படியே காப்பி அடிக்கறதும் உண்டு.

பூனை, டிராயிங், கே-பாப்னு எல்லா பொண்ணுங்களுக்கும் புடிக்கறது தான் இவளுக்கும் புடிக்கும், அதான் யாரும் கண்டுக்கறதில்ல. எது புடிக்குதுங்கறத விட எவ்ளோ தீவிரமா புடிக்குதுன்னு பாருங்க.

முக்கியமானது சாயங்காலம். ஸ்கூல்ல கேட்டா தங்கமான பொண்ணும்பாங்க, வீட்டுக்கு வந்து தோசை பிஞ்சு போச்சுன்னு ஒரு மணி நேரம் அழுவா. உடனே "செல்லம் குடுத்து கெடுத்துட்டீங்க"ன்னு நமக்கு தான் திட்டு. நாள் பூரா அடக்கி, நடிச்சு சமாளிச்சது தான் வீட்ல வெடிக்குது, அப்படி அடக்கி நடிக்கறதத்தான் மாஸ்கிங்னு சொல்றாங்க. யூனிஃபார்ம் லேபிள் உறுத்துது, தலை வாரவே விடல, மிக்ஸி போட்டா காத பொத்திக்கறா, இதெல்லாமும் சேத்து குறிச்சு வைங்க. ஆறாவது ஏழாவதுல வயித்துவலி, ஸ்கூலுக்கே போகமாட்டேன்னு ஆரம்பிக்கற பிள்ளைங்களும் இருக்காங்க, அந்த வயசுல ஃபிரண்ட்ஷிப்னா பூரா பேச்சும் கிண்டலும் தானே.

இதுல ஒண்ணு ரெண்டு இருந்தா பயப்படாதீங்க, கூச்சம், பதட்டம், ஏடிஹெச்டி (கவனம் நிக்காம, துறுதுறுன்னு இருக்கறது) எதுவா வேணா இருக்கலாம். நிறைய சேந்து சின்ன வயசுலேர்ந்தே இருந்தா டெவலப்மென்டல் பீடியாட்ரிஷியன் (குழந்தை வளர்ச்சிய பாக்குற டாக்டர்) இல்ல குழந்தைங்க சைக்யாட்ரிஸ்ட் கிட்ட காட்டுங்க. செலவ நெனச்சு தள்ளிப்போடாதீங்க, கவர்மென்ட்லயே டிஇஐசி (DEIC) சென்டர் இருக்கு, குழந்தைங்க வளர்ச்சி பிரச்சனைய பாக்குற மாவட்ட மையம் அது, சென்னை பக்கம்னா முட்டுக்காடுல இருக்குற நிப்மெட் (NIEPMD), மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம். டாக்டர் ரூம்ல அரைமணி நேரம் அழகா பேசிடுவா, அதனால வீட்ல நடக்கறத எழுதி எடுத்துட்டு போங்க. டீச்சர் கிட்ட "நல்லா இருக்காளா"ன்னு கேட்டா "நல்லா இருக்கா"ன்னு தான் பதில் வரும், "குரூப் வொர்க்ல என்ன பண்றா"ன்னு கேளுங்க. டாக்டர் "ஃபிரண்ட்ஸ் இருக்காங்களே"ன்னு தட்டி விட்டா, மனநல டாக்டருங்க பாக்குற கையேடு, 2013ல வந்த டிஎஸ்எம்-5லயே கத்துக்கிட்ட பழக்கத்தால அறிகுறி மறைஞ்சு போகலாம்னு இருக்குன்னு மரியாதையா சொல்லுங்க, அப்பவும் கேக்கலன்னா வேற டாக்டர பாருங்க.

ரிப்போர்ட் வர்ற வரைக்கும் கண்ண பாத்து பேசுன்னு டிரெய்னிங் குடுக்க வேணாம், அத தான் ஏற்கனவே நாள் பூரா பண்ணிட்டு இருக்கா. ஸ்கூல் விட்டு வந்ததும் கேள்வி மேல கேள்வி கேக்காம கொஞ்ச நேரம் சும்மா விடுங்க.